சிவப்புக் கோளில் ஓர் ஊர்தி, வீட்டு மேசைகளில் ஒரு குழு

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி அன்று மூன்றாவது நாள். உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளி மாணவர்கள். சீருடை அலமாரியில் தொங்க, வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி வந்திருப்பீர்கள். அதே நாளில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும் ஓர் அறை வெறிச்சோடிக் கிடந்தது. செவ்வாய்க் கோளில் இருக்கும் கியூரியோசிட்டி என்ற ஆய்வூர்தியை இயக்கும் குழுவின் அறை அது. குழுவினர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஊர்தியின் அடுத்த வேலையைத் திட்டமிட்டார்கள். ஒருவர்கூட ஆய்வகத்துக்கு வராமல் அப்படித் திட்டமிட்டது அதுவே முதல் முறை. இரண்டு நாள் கழித்து, அவர்கள் அனுப்பிய கட்டளைகளின்படியே, எடின்பரோ என்று பெயரிட்ட ஓரிடத்தில் ஊர்தி பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது.

"இதில் என்ன அதிசயம்? நாங்களும்தான் கூகுள் மீட்டில் படித்தோம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பாடம் நடக்கும்போது இணையம் துண்டித்துப்போனால் மறுபடி இணைந்து, "சார், எங்கே விட்டீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளலாம். செவ்வாயில் அது முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். சராசரியாக 22 கோடியே 50 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு 300,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வகுத்தால் 750 வினாடி வரும். பன்னிரண்டரை நிமிடம்! ஊர்தி ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பதை நீங்கள் திரையில் பார்க்கும்போது, அது பன்னிரண்டரை நிமிடத்துக்கு முந்தைய காட்சி. "நில்" என்று நீங்கள் சொல்வது போய்ச் சேர இன்னொரு பன்னிரண்டரை நிமிடம். அதனால் கணினி விளையாட்டைப் போல யாரும் அதை நேரடியாக ஓட்டுவதில்லை. ஊர்தி செய்யவேண்டிய ஒவ்வொரு தொகுப்பு வேலைக்கும் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முன்கூட்டியே எழுதி, சோதித்து, மொத்தமாக அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படியென்றால் பேச்சு எல்லாம் எங்கே நடக்கிறது? பூமியில், மனிதர்களுக்கு இடையில்தான். பாறை ஆய்வாளருக்குத் துளையிட வேண்டும். ஊர்தியின் கையை இயக்கும் பொறியியலாளருக்கு, அந்தக் கோணத்தில் கை நீளுமா என்ற கவலை. மின்கலத்தைக் கவனிப்பவர், "இன்று அவ்வளவு மின்சாரம் இல்லை" என்பார். வழக்கமான நாளில் ஏறக்குறைய 20 பேர் ஓர் அறையில் கூடி, வேறு இடங்களில் இருக்கும் இன்னும் பலருடன் பேசிக்கொண்டே இந்த இழுபறியைத் தீர்ப்பார்கள். ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். அறையின் அந்த மூலையிலிருந்து யாரோ "அது சரிவராது" என்று குரல் கொடுப்பார். இந்த எட்டிப் பார்ப்பதும் குரல் கொடுப்பதும் எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. ஆனால், பாதி வேலை அதில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஓர் அறையிலிருந்து 20 வீடுகளுக்குப் போனபோது முதலில் காணாமல் போனது அதுதான்.

கண்ணாடி மாறியது, காட்சி மாறவில்லை

அதற்கு முன், ஒரு சிறிய இயற்பியல் சங்கதி. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. ஆகவே இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. கியூரியோசிட்டியின் வழிகாட்டும் கேமராக்களும் இப்படித்தான் இணையாக, சுமார் 42 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆய்வகத்தில் இந்தப் படங்களைப் பார்க்கச் சிறப்புக் கண்ணாடிகள் இருந்தன. இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய படங்களை அவை மிக வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும். ஆனால், அவற்றை இயக்கச் சக்திவாய்ந்த வரைகலை அட்டை கொண்ட கணினிகள் தேவை. வீட்டு மடிக்கணினியால் முடியாது.

என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய முப்பரிமாணப் படங்களுக்குக் கொடுப்பார்களே, அந்தச் சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு மாறினார்கள். ஒரு கண்ணுக்குரிய படம் சிவப்பில், மற்றக் கண்ணுக்குரியது நீலத்தில். சிவப்புத் தாள் சிவப்பு ஒளியை மட்டும் விடும்; நீலத் தாள் நீலத்தை மட்டும் விடும். ஆக, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டும் போய்ச் சேரும். இந்த முறையில் நிறம் கெட்டுப்போகும் என்பதுதான் பெரிய குறை. ஆனால், கியூரியோசிட்டியின் வழிகாட்டும் கேமராக்கள் கருப்பு வெள்ளைக் கேமராக்கள். கெடுவதற்கு அங்கே நிறமே இல்லை! ஊர்தியை எங்கே ஓட்டுவது, கையை எப்படி நீட்டுவது என்று திட்டமிட இது போதுமானதாக இருந்தது.

கருவிக்கு மாற்று கிடைத்துவிட்டது. பேச்சுக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பல காணொளிச் சந்திப்புகளை ஒரே நேரத்தில் நடத்தி, குறுஞ்செய்திகளையும் நம்பி வேலை செய்தபோது, ஒவ்வொரு நாளும் திட்டமிட வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. அனுபவசாலிகளான பொறியியலாளர்களுக்கே அப்படி. ஏன்?

0.2 வினாடி

நாம் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறோம்? டேனிஷ், ஜப்பானியம், கொரியம் உள்ளிட்ட 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 0.2 வினாடி என்று தெரிந்தது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு உண்டு. ஆனால், பெரிய வேறுபாடு இல்லை. (அந்தப் பத்தில் தமிழ் இல்லை. நம் வீட்டுத் திருமணங்களில் அளந்திருந்தால் இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும் என்பது என் ஊகம்.)

0.2 வினாடி என்பது கண் சிமிட்டும் நேரம். மனத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வாயில் கொண்டுவரவே அரை வினாடிக்கு மேல் ஆகும். அப்படியிருந்தும் 0.2 வினாடியில் பதில் வருகிறது என்றால், எதிரில் இருப்பவர் எப்போது முடிப்பார் என்பதை நாம் முன்கூட்டியே கணித்து, பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம் என்று பொருள். அவர் குரல் இறங்குவது, மூச்சு இழுப்பது, பார்வை திரும்புவது ஆகிய அனைத்தையும் மூளை கவனித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது இதே பேச்சைக் காணொளி அழைப்புக்குக் கொண்டு போவோம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு 1,600 கிலோமீட்டர் நேர்கோட்டில் இழை போட்டிருந்தால், 0.008 வினாடி போதும். தாமதத்துக்கு முக்கியக் காரணம் தூரம் அல்ல. கேமரா படத்தைப் பிடிக்கவேண்டும். கணினி அதைச் சுருக்கவேண்டும். சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து வைஃபை வழியாக அனுப்பவேண்டும். மறுமுனையில், பிந்தி வரும் பொட்டலங்களுக்காகச் சற்றுக் காத்திருந்து, விரித்து, திரையில் காட்டவேண்டும். ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தின்கிறது. தொலைபேசிப் பேச்சு இயல்பாக இருக்க, ஒரு வழித் தாமதம் 0.15 வினாடிக்குள் இருப்பது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வீட்டு இணையம் திணறும்போது அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

ஒரு வழித் தாமதம் 0.25 வினாடி என்று வைப்போம். உங்கள் தோழியிடம், "படத்தை நீ வரைகிறாயா?" என்று கேட்கிறீர்கள். கேள்வி போய்ச் சேர 0.25. அவள் இயல்பாக 0.2 வினாடியில் பதில் சொல்கிறாள். அது திரும்பி வர 0.25. மொத்தம் 0.7 வினாடி. அவளுடைய கடிகாரத்தில் அவள் உடனே சொல்லிவிட்டாள். உங்கள் கடிகாரத்தில் அவள் தயங்கினாள். இரண்டு கடிகாரமும் சரியாகத்தான் ஓடுகின்றன!

நேரில் 0.7 வினாடி மௌனத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. "விருப்பமில்லை போலிருக்கிறது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். தாமதம் எங்கிருந்து வந்தது என்று மூளை விசாரிப்பதில்லை. அழைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைக் கூட்டி ஜெர்மானிய ஆய்வாளர்கள் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தாமதம் கூடக் கூட, மறுமுனையில் இருப்பவர் கவனமில்லாமல் இருப்பதாகப் பேசியவர்கள் மதிப்பிட்டார்கள். குறை கம்பியில், பழி மனிதர் மேல்.

இல்லிருப்புக் கற்றல் காலத்தில் சில மாணவர்கள் குழு வேலையில் மெல்ல மெல்லப் பேசாமல் போனதைக் கவனித்திருக்கிறேன். வகுப்பறையில் நன்றாகப் பேசும் பிள்ளைகள் அவர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீ சொல்லு", "இல்லை, நீ சொல்லு" என்பார்கள். இணைய வேகம் நன்றாக உள்ள வீட்டுப் பிள்ளை முந்திக்கொள்ளும். அம்மாவின் பழைய திறன்பேசியை மூன்று பேருடன் பகிர்ந்துகொள்ளும் பிள்ளை, நாலு தடவை முட்டிக்கொண்ட பிறகு, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். "அவனுக்கு அக்கறையே இல்லை, டீச்சர்" என்று குழுவில் மற்றவர்கள் சொல்வார்கள்.

ஒரு சந்தேகம் ஊர் போய்ச் சேராத கதை

சரி, யாரோ ஒருவர் பேசாமல் இருந்தால் என்ன கெட்டுவிடும்? இதற்குச் செவ்வாயிலேயே ஒரு பதில் இருக்கிறது.

1998 டிசம்பர் 11-இல் நாசா, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தை அனுப்பியது. செவ்வாயைச் சுற்றி வந்து அதன் பருவநிலையை ஆராய்வது அதன் வேலை. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் குழு கொலராடோ மாநிலத்தில். வழிநடத்திய குழு கலிபோர்னியாவில். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

கலம் தன் நிலையைச் சரிப்படுத்த அடிக்கடி சிறிய உந்துபொறிகளைச் சற்று நேரம் இயக்கும். ஒவ்வொரு முறையும் பாதை இம்மியளவு மாறும். எவ்வளவு மாறியது என்பதைக் கணிக்க, விசையையும் நேரத்தையும் பெருக்கி வரும் கணத்தாக்கு தேவை. கொலராடோவில் எழுதிய ஒரு மென்பொருள் அந்த அளவைப் பவுண்டு-விசை வினாடியில் கொடுத்தது. கலிபோர்னியா அதை நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப்படி நியூட்டனில்தான் தந்திருக்கவேண்டும். ஒரு பவுண்டு-விசை என்பது 4.45 நியூட்டன். ஆக, உந்துதலின் உண்மையான விளைவில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கணக்கில் சேர்ந்தது. படிவம் 1-இல் அலகு எழுதாமல் விட்டால் ஆசிரியர் ஏன் மதிப்பெண்ணைக் குறைக்கிறார் என்று முணுமுணுப்பவர்கள், இந்தப் பத்தியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கு 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கவேண்டிய கலம், பிறகு செய்த கணக்கின்படி, சுமார் 57 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்துக்குள் புகுந்தது. பிழைத்திருக்க 80 கிலோமீட்டராவது தேவை. 1999 செப்டம்பர் 23-இல் அது கோளின் பின்னால் மறைந்தது. மறுபடி ஓசையே இல்லை.

அலகுக் குழப்பம்தான் இந்தக் கதையில் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒன்பது மாதப் பயணத்தில் யாருமே எதையும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். பாதைக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று வழிநடத்தும் குழுவில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பற்றிப் பேசினார்கள், மின்னஞ்சலும் பரிமாறிக்கொண்டார்கள். ஆனால், இப்படிப்பட்ட சந்தேகங்களை முறைப்படி எழுதிப் பதிவு செய்யவும், பதில் வரும்வரை விடாமல் பின்தொடரவும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதை அவர்கள் பயன்படுத்தவில்லை. குழுக்களுக்கு இடையே தொடர்பு போதுமான அளவில் இல்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாக விசாரணைக் குழு எழுதியது. சந்தேகம் இருந்தது, அதைச் சொல்ல ஆள் இருந்தார், கேட்கவேண்டியவரிடம் அது போய்ச் சேரவில்லை.

'குழு ஒற்றுமை' என்றவுடன் பலர் இயங்கலை விளையாட்டு, ஒரே நிறச் சட்டை, கைதட்டல் என்று போய்விடுகிறார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அடுத்த ஊரில் இருக்கும் ஒருவரிடம் "உங்கள் எண் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒற்றுமையை அளப்பேன்.

நடந்து போய்க் கேட்பவர்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களில் பொறியியலாளர்களின் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்த்தார். இருக்கைகள் விலக விலக, பேச்சு மளமளவென்று குறைந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டியதும் அது மிகச் சொற்பம். ஒரே கட்டடத்தில், நடந்தால் ஒரு நிமிடத்தில் போய்விடலாம். அப்படியும் போகமாட்டார்கள்! தானாக நடக்கும் பேச்சு 50 மீட்டரில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல், யாராவது வேண்டுமென்றே ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

கியூரியோசிட்டி குழுவில் அந்த வேலை கேரி பிரிட்ஜ் என்பவருடையது. சாதாரண நாட்களில் அவர் அறையில் குழு குழுவாகச் சுற்றி வருவார். இந்தத் திட்டத்தில் யாருக்காவது சிக்கல் தெரிகிறதா? பொறியியலாளர்கள் யோசிக்கும் வழி அறிவியலாளர்களுக்கு ஒத்துவருமா? இப்படிக் கேட்டுக்கொண்டே போவார். வீட்டிலிருந்து வேலை செய்தபோதும் அதே சுற்றை அவர் விடவில்லை. சுமார் 15 அரட்டைக் குழுக்களைக் கவனித்தபடி, ஒரே நேரத்தில் நான்கு காணொளிச் சந்திப்புகள் வரை இணைந்திருப்பார். பேசுபவர் பேசட்டும் என்று காத்திருக்காமல், தானே போய்க் கேட்டார். அந்தக் கூடுதல் ஒன்றிரண்டு மணி நேரம் இப்படித்தான் செலவானது. அதை வீண் நேரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். 2012-இல் ஊர்தி தரையிறங்கியபின் முதல் 90 செவ்வாய் நாட்கள், பல நாட்டு அறிவியலாளர்கள் ஆய்வகத்தில் ஒன்றாகத் தங்கி, செவ்வாய் நேரப்படி வேலை செய்தார்கள். அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. அதனால் தினமும் 40 நிமிடம் தள்ளி விழித்து, சில வாரங்களில் நள்ளிரவில் காலை உணவு சாப்பிட்டு, தூக்கம் கெட்டவர்கள் அவர்கள். அதன் பிறகே ஊர் திரும்பி, தூரத்திலிருந்து தொடர்ந்தார்கள். சேர்ந்து தூக்கம் கெட்டவர்களுக்கு இடையே 0.7 வினாடி மௌனம் வந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

2010-இல் 'சயன்ஸ்' இதழில் அனிதா வூலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு வந்தது. குழுவில் மிகக் கெட்டிக்காரர் யார் என்பதைவிட, பேசும் வாய்ப்பு எல்லாருக்கும் ஓரளவு சமமாகக் கிடைத்ததா, மற்றவர் மனநிலையை உறுப்பினர்கள் உணர்ந்தார்களா என்பவையே குழுவின் வெற்றியுடன் அதிகம் தொடர்புடையதாக அவர்கள் கண்டார்கள். தனிநபர் திறமையின் பங்கை அது குறைத்துக் காட்டுகிறது என்று பின்னர் மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், நீங்கள் புலனத்தில் ஒரு குழு அமைத்து அறிவியல் செயல்திட்டம் செய்யும்போது, செய்திகளை மேலே தள்ளிப் பார்த்து ஒவ்வொருவர் பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்கு இந்த விவாதம் முடியவேண்டியதில்லை. பெயரே வராதவரிடம் "சரிதானே?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு கட்டைவிரல் குறிதான் வரும். "இதில் உனக்கு எது இடிக்கிறது?" என்று தனியாகக் கேளுங்கள்.

தாமதத்தை நீங்களே அளக்கலாம். ஒரு நண்பரும் ஒரு நிறுத்துக் கடிகாரமும் போதும். முதலில் நேரில் எதிரெதிரே உட்கார்ந்து, நீங்கள் 1, அவர் 2, நீங்கள் 3 என்று மாற்றி மாற்றி 20 வரை எண்ணுங்கள். மற்றவர் குரல் காதில் விழுந்த பிறகே அடுத்த எண்ணைச் சொல்லவேண்டும். தாளம் பிடித்து முந்தக்கூடாது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆளுக்கொரு வீட்டிலிருந்து காணொளி அழைப்பில் அதையே செய்யுங்கள். அழைப்பில் 20 எண்களும் தலைக்கு ஒரு முறை அங்கும் இங்குமாகப் பயணம் செய்கின்றன. ஆகவே, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை 20-ஆல் வகுத்தால் ஒரு வழித் தாமதம் கிடைக்கும். நேரில் 12 வினாடி, அழைப்பில் 17 வினாடி என்றால், 0.25 வினாடி. வைஃபையில் ஒரு தடவை, கைப்பேசித் தரவில் ஒரு தடவை, வீட்டில் எல்லாரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் ஒரு தடவை என்று அளந்து அட்டவணை போடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கடிகாரம் எப்போதும் 1 சொல்பவர் கையில்தான் இருக்கவேண்டும். 1 சொல்லும்போது தொடங்கி, 20 காதில் விழும்போது நிறுத்தவேண்டும். அட்டவணையின் தலைப்பில் அலகை எழுத மறக்காதீர்கள்.